கண்ணாடியில் ஒரு மேடு: தொலைநோக்கியின் நானூறு ஆண்டுகள்

மூக்குக்கண்ணாடி இத்தாலியில் புழக்கத்துக்கு வந்தது 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில். வெள்ளெழுத்து விழுந்தவர்களுக்கான குவிவில்லை அது. கிட்டப்பார்வைக்காரர்களுக்கான குழிவில்லையும் 15-ஆம் நூற்றாண்டின் நடுவில் கடைக்கு வந்துவிட்டது. ஒரு குழாயின் முன்முனையில் குவிவில்லையையும் பின்முனையில் குழிவில்லையையும் பொருத்தினால் தொலைநோக்கி தயார். அந்த இரண்டும் ஐரோப்பியக் கண்ணாடிக் கடைகளின் மேசைகளில் நூற்றைம்பது ஆண்டுகள் அருகருகே கிடந்தன. ஆனாலும் 1608 வரை தொலைநோக்கி பிறக்கவில்லை. ஏன்?

யாருக்கும் தோன்றவில்லை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. பழைய வில்லைகளை எடுத்து அளந்து பார்த்த ஒளியியல் வரலாற்றாய்வாளர் ரோல்ஃப் வில்லாக் வேறு விடை சொன்னார். அந்தக் காலத்து வில்லைகளின் நடுப்பகுதி ஓரளவு சீராக இருந்தது. விளிம்பை நோக்கிப் போகப்போக வளைவு கெட்டிருந்தது. மூக்குக்கண்ணாடிக்கு அது பெரிய குறையில்லை. கண்மணியின் துளை சில மில்லிமீட்டர்தான் என்பதால், ஒரு நேரத்தில் வில்லையின் ஒரு சிறு வட்டத்தின் வழியாகவே பார்க்கிறோம். தொலைநோக்கியில் வில்லை முழுவதும் சேர்ந்து ஒரே பிம்பத்தை உருவாக்குகிறது. விளிம்பின் கோணல் நடுவின் தெளிவையும் கெடுத்துவிடும். துளையிட்ட அட்டையால் விளிம்பை மறைத்து, நடுப்பகுதியை மட்டும் திறந்துவிட்டதுதான் உண்மையான கண்டுபிடிப்பு என்பது வில்லாக்கின் வாதம். எனக்கு அது ஏற்புடையதாகவே இருக்கிறது. பின்னால் வந்த நானூறு ஆண்டுகளும் இதே போக்கில்தான் நகர்ந்திருக்கின்றன. கண்ணாடியில் ஒரு குறை, அதைக் கண்டுகொண்ட ஒருவர், அதைச் சுற்றி ஒரு புதுக் கருவி.

1608 அக்டோபர் 2 அன்று, மிடல்பர்க் நகரத்து மூக்குக்கண்ணாடித் தொழிலாளி ஹான்ஸ் லிப்பர்ஷேயின் காப்புரிமை விண்ணப்பம் ஹேக் நகரில் டச்சு ஆட்சி மன்றத்தின் முன் வந்தது. சில வாரங்களுக்குள் அல்க்மார் நகரத்து யாக்கோப் மெட்டியஸும் அதே கருவிக்கு உரிமை கேட்டு வந்துவிட்டார். யார் வேண்டுமானாலும் செய்துவிடக்கூடிய பொருள் என்று காப்புரிமை மறுக்கப்பட்டது. லிப்பர்ஷேயிடம் இரு கண்ணாலும் பார்க்கும்படி செய்யச் சொல்லி, அதற்குப் பணம் மட்டும் கொடுத்தார்கள். மறு வசந்தத்தில் பாரிஸ் கடைகளிலேயே தொலைநோக்கி விற்பனைக்கு வந்துவிட்டது.

கடையில் விற்றது பொருளை மூன்று மடங்கு பெரிதாக்கும் விளையாட்டுச் சாமான். 1609 கோடையில் அதைப் பற்றிக் கேள்விப்பட்ட கலிலியோ தாமே வில்லைகளைத் தேய்க்கத் தொடங்கி, ஆகஸ்டில் எட்டு மடங்கையும் ஆண்டு முடிவதற்குள் இருபது மடங்கையும் எட்டினார். இங்கிலாந்தின் தாமஸ் ஹாரியட் அவருக்குச் சில மாதங்கள் முன்பே தொலைநோக்கி வழியே நிலவைப் பார்த்து வரைந்திருக்கிறார். ஆனால் ஹாரியட்டின் முதல் படத்தில் இருப்பது ஒளிக்கும் இருளுக்கும் இடையே கோணல்மாணலான ஒரு கோடு மட்டுமே. ஓவியப் பயிற்சி பெற்றிருந்த கலிலியோ அந்தக் கோட்டில் மலைகளின் நிழலைக் கண்டார். கருவி மட்டும் போதாது, பார்க்கத் தெரிந்த கண்ணும் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. 1610 ஜனவரி 7 இரவு வியாழனின் பக்கத்தில் சிறு ஒளிப்புள்ளிகளைப் பார்த்தார். அடுத்தடுத்த இரவுகளில் அவை இடம் மாறின. பூமியைச் சுற்றாமல் வேறொன்றைச் சுற்றும் நிலவுகள். மார்ச்சில் அது நூலாக வெளிவந்து ஐரோப்பாவைக் கலக்கியது.

கலிலியோவின் குழாயில் ஒரே பார்வையில் முழு நிலவு அடங்காது. 1611-இல் கெப்ளர், கண்ணருகிலும் குவிவில்லையையே வைத்தால் பார்வைப் பரப்பு விரியும் என்று கணக்கிட்டுக் காட்டினார். பிம்பம் தலைகீழாகத் தெரியும். வானத்தில் தலைகீழ் யாருக்கு உறுத்தும்? அந்த அமைப்பே நிலைத்தது.

அடுத்த குறை நிறம். ஒரு வில்லை, ஒளியின் ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வொரு அளவில் வளைக்கிறது. நீலம் ஓரிடத்தில் குவிந்தால் சிவப்பு சற்றுத் தள்ளிக் குவிகிறது. வெள்ளியைப் பார்த்தால் அதைச் சுற்றி வானவில் கசியும். வில்லையின் வளைவைக் குறைத்துக் குவியத்தூரத்தைக் கூட்டினால் கசிவு மட்டுப்படும் என்று கண்டதும், குழாய்கள் நீளத் தொடங்கின. டான்சிக் நகரத்தில் ஹெவேலியஸ் 150 அடி நீளக் கருவியை ஓர் உயர்ந்த கம்பத்திலிருந்து கயிறுகளால் தொங்கவிட்டார். காற்றடித்தால் ஆடும், கயிறு ஈரமானால் வளையும். ஹாய்கன்ஸ் குழாயையே விட்டொழித்து, முன்வில்லையைக் கம்பத்தின் மேலும் கண்வில்லையைத் தம் கையிலுமாக வைத்துக்கொண்டு, இடையில் ஒரு கயிற்றை இழுத்துப் பிடித்துப் பார்த்தார். கலிலியோவுக்கு இரு புறமும் ஒட்டிய காதுகளாகத் தெரிந்தவை சனியைச் சுற்றும் வளையம் என்று சொன்னவர் இந்த ஹாய்கன்ஸ்தான்.

நியூட்டன் முப்பட்டகத்தில் ஒளியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, வில்லையின் நிறக்கசிவுக்கு மருந்தே கிடையாது என்று முடிவுகட்டினார். ஆகவே வில்லையைக் கைவிட்டு, 1668-இல் செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தில் ஒரு சிறு குழியாடியைத் தாமே தேய்த்து, ஒரு சாண் நீளத்துக்கும் குறைவான தொலைநோக்கியைச் செய்தார். ஆடி எல்லா நிறங்களையும் ஒரே இடத்துக்கே திருப்பி அனுப்பும். அவருடைய முடிவு தவறு என்பது பின்னால் தெரிந்தது. 1730-களில் செஸ்டர் மூர் ஹால் என்ற வழக்கறிஞர், இரண்டு வகைக் கண்ணாடியில் செய்த வில்லைகளை ஒட்டிவைத்தால் ஒன்றின் கசிவை மற்றது தின்றுவிடும் என்று கண்டார். ரகசியம் வெளியே போகாமலிருக்க இரண்டு வில்லைகளையும் வேறு வேறு கடைகளில் கொடுத்தாராம். இரண்டு கடைக்காரர்களும் வேலையை ஒரே கைவினைஞரிடம் தள்ளிவிட, ரகசியம் அவர் மேசையில் ஒன்றுசேர்ந்துவிட்டது. 1758-இல் காப்புரிமை பெற்றவர் ஜான் டாலண்ட். ஆக, நியூட்டனின் தவறான முடிவிலிருந்து ஆடி கிடைத்தது. அந்த முடிவை மறுத்ததிலிருந்து நல்ல வில்லை கிடைத்தது. இரண்டு குடும்பங்களும் அடுத்த நூற்றைம்பது ஆண்டுகள் போட்டி போட்டுக்கொண்டு வளர்ந்தன.

இந்த வரலாற்றில் நான் அதிக நேரம் தங்க விரும்பும் இடம் இங்கிலாந்தின் பாத் நகரத்து ஒரு வீடு. வில்லியம் ஹெர்ஷல் ஜெர்மனியிலிருந்து வந்த இசைக்கலைஞர். பகலில் மாணவர்களுக்கு இசை சொல்லிக்கொடுத்தார், இரவில் வானம் பார்த்தார். வாங்கக்கூடிய விலையில் நல்ல கருவி கிடைக்காததால் வீட்டையே பட்டறையாக்கினார். தங்கை கரோலின் குதிரைச் சாணத்தை இடித்துச் சலித்து வார்ப்பு அச்சுக்கு மண் பதப்படுத்தினார். ஆடியை மெருகேற்றும்போது இடையில் கையை எடுத்தால் வளைவு கெட்டுவிடும். ஒருமுறை அண்ணன் 16 மணி நேரம் கையெடுக்காமல் தேய்க்க, கரோலின் அவர் வாயில் உணவைத் துண்டுதுண்டாக ஊட்டினார். 1781-இல் மூன்றடி ஆடிக்கான வார்ப்பின்போது உலையிலிருந்து கசிந்த உருகிய உலோகம் தரையில் ஓட, கல்தளம் வெடித்துச் சிதறியது. எல்லோரும் வெளியே ஓடித் தப்பினார்கள். அதே ஆண்டு மார்ச் 13 இரவு, வெறும் 6.2 அங்குல ஆடியில் ஹெர்ஷல் யுரேனஸைக் கண்டிருந்தார். வரலாறு தெரிந்த காலத்திலிருந்து கோள்களின் கணக்கு மாறியது அதுவே முதல் முறை.

ஹெர்ஷலை நான் முக்கியமாக மதிப்பது கோளுக்காக அல்ல. தொலைநோக்கி எதற்கு என்ற கேள்விக்கே அவர் புது விடை கொடுத்தார். அதுவரை எல்லோரும் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்றே கேட்டார்கள். ஹெர்ஷல் எவ்வளவு ஒளியை அள்ளும் என்று கேட்டார். வெளியை ஊடுருவும் ஆற்றல் என்று அதற்குப் பெயரும் வைத்தார். மழைநீர் பிடிக்க வாய் அகன்ற அண்டாவை வைப்பதுபோல, மங்கலான ஒளியைப் பிடிக்க அகன்ற ஆடி வேண்டும். ஆடியின் விட்டம் இரட்டித்தால் அள்ளும் ஒளி நான்கு மடங்காகும். 1789-இல் அவர் எழுப்பிய 40 அடிக் கருவியின் ஆடி 48 அங்குலம் அகலம். ஆனால் கனத்த ஆடி வளைந்தது, சீக்கிரம் கறுத்தது. பெரும்பாலான பணியை அவர் பழைய 20 அடிக் கருவியிலேயே செய்தார். கரோலின் தம் பங்குக்கு எட்டு வால்மீன்களைக் கண்டுபிடித்தார். 1787 முதல் அரசர் அவருக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு சம்பளம் கொடுத்தார்.

உலோக ஆடியின் உச்சம் அயர்லாந்தில் ராஸ் பிரபு 1845-இல் நிறுத்திய 72 அங்குலக் கருவி. அதில்தான் முதன்முதலாக ஒரு விண்மீன் கூட்டத்தின் சுருள் வடிவம் கண்ணுக்குத் தெரிந்தது. புதிதாக மெருகிட்டபோதுகூட இவ்வகை ஆடி விழுந்த ஒளியில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் திருப்பும். கறுத்ததும் மறுபடி தேய்க்க வேண்டும், தேய்த்தால் வளைவு போய்விடும். 1850-களில் ஸ்டைன்ஹைலும் ஃபூக்கோவும் கண்ணாடியைத் தேய்த்து அதன் மேல் வெள்ளியை மெல்லப் படியவைத்தார்கள். வெள்ளி கறுத்தால் கழுவிவிட்டுப் புதிதாகப் பூசலாம். கண்ணாடியின் வளைவு அப்படியே இருக்கும். இன்றுள்ள பெரிய ஆடிகளில் பெரும்பாலானவை இந்த யோசனையின் பிள்ளைகள்.

வில்லைக் குடும்பம் 1897-இல் அமெரிக்காவின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் 40 அங்குலத்தோடு நின்றுவிட்டது. ஒளி ஊடுருவிப் போக வேண்டிய வில்லையை விளிம்பில் மட்டுமே தாங்க முடியும். அதற்கு மேல் பெரிதானால் தன் கனத்தாலேயே தொய்யும். ஆடியையோ முதுகுப்புறம் முழுவதும் தாங்கலாம்.

நம் ஊரின் பங்கு இந்த இடத்தில் வருகிறது, அளவை வைத்துப் பார்த்தால் அது சிறியதுதான். வில்லியம் பெட்ரி 1786-இல் எழும்பூரில் வைத்திருந்த தனியார் வானாய்வகத்தின் கருவிகளைக் கொண்டு, 1792-இல் நுங்கம்பாக்கத்தில் சென்னை வானாய்வகம் எழுந்தது. வானியலாளர் டெய்லர் அங்கிருந்து சுமார் 11,000 விண்மீன்களின் அட்டவணையை 1844-இல் வெளியிட்டார். 1861-இல் நார்மன் போக்சன் ஆசியா என்ற சிறுகோளைக் கண்டார். அவரிடம் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறுவிண்மீனைக் கண்டுபிடித்தார். 1899-இல் வானாய்வுப் பணி கொடைக்கானலுக்குப் போனது. அங்கே 1909-இல் ஜான் எவர்ஷெட், சூரியக் கரும்புள்ளியின் ஓரத்தில் வளிமம் நடுவிலிருந்து வெளிநோக்கி ஓடுவதை நிறமாலையில் கண்டார். உலகம் அதை எவர்ஷெட் விளைவு என்றே அழைக்கிறது. நூறாண்டுகளுக்கும் மேலாக, மேகம் விலகிய நாளெல்லாம் அங்கே சூரியனைப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். பதினோரு ஆண்டுச் சுழற்சியில் மாறும் சூரியனைப் புரிந்துகொள்ள, உலகின் மிகப் பெரிய கருவி ஒரு மாதம் பார்ப்பதைவிட ஒரு சிறு கருவி நூறு ஆண்டு பார்ப்பதே உதவும். பெரிய ஆடிகளைப் பற்றிப் பேசும் நூல்கள் இதை ஒரு வரியில் கடந்துபோவது எனக்கு எப்போதும் வருத்தம் தரும்.

ஒளிப்படத்தட்டு வந்தபின் தொலைநோக்கியின் பின்னால் கண் இருக்க வேண்டிய தேவை போய்விட்டது. கண் ஒரு கணத்துக்கு மேல் ஒளியைச் சேர்த்து வைப்பதில்லை. தட்டு மணிக்கணக்கில் சேர்க்கும். கலிஃபோர்னியாவின் வில்சன் மலையில் ஜார்ஜ் எல்லரி ஹேல் 1908-இல் 60 அங்குலத்தையும் 1917-இல் 100 அங்குலத்தையும் நிறுவினார். நூறங்குல ஆடியை முதலில் வியாழனை நோக்கித் திருப்பியபோது பல வியாழன்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன. பகலில் கூரையைத் திறந்து வைத்திருந்ததால் ஆடி சூடேறி வளைந்திருந்தது. விடியும் முன் திரும்பி வந்து பார்த்தார்கள். ஆடி குளிர்ந்து, பிம்பம் ஊசிமுனையாக இருந்தது. 1923-இல் அதே ஆடியில் எட்வின் ஹபிள் ஆண்ட்ரோமெடாவில், தொலைவை அளக்க உதவும் ஒரு செஃபீட் மாறுவிண்மீனைக் கண்டு, அது நம் பால்வெளிக்கு வெளியே உள்ள வேறொரு பால்வெளி என்று நிறுவினார். மங்கலான பால்வெளிகளின் நிறமாலையை இரவிரவாகப் பிடித்துக் கொடுத்தவர் மில்டன் ஹியூமசன். அந்த மலைக்குக் கோவேறு கழுதைகளில் சாமான் ஏற்றிக்கொண்டு வந்து, பிறகு துப்புரவுப் பணியாளராகச் சேர்ந்து, பார்வையாளராக உயர்ந்தவர் அவர். பேரண்டம் விரிகிறது என்ற செய்திக்குப் பின்னால் அவருடைய குளிர் இரவுகளும் இருக்கின்றன.

ஹேல் கனவுகண்ட 200 அங்குலக் கருவி அவர் இறந்து பத்தாண்டு கழித்து, 1948-இல் பலோமார் மலையில் திறக்கப்பட்டது. அதன் பின் வளர்ச்சி திணறியது. ஒற்றைக் கண்ணாடி அதைவிடப் பெரிதானால், தன் கனத்தையும் வெப்பத்தையும் சமாளிக்க முடியவில்லை. இன்னொரு தடை காற்று. விண்மீன்கள் மின்னுவது நமக்கு அழகு, வானியலாளருக்குத் துன்பம். அலைபாயும் வளிமண்டலத்தின் கீழ் ஐந்து மீட்டர் ஆடியின் கூர்மை பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் கருவியின் கூர்மையைத் தாண்டாது.

முதல் தடைக்கு ஜெர்ரி நெல்சனின் விடை, பெரிய ஆடியைத் துண்டுகளாகச் செய்வது. ஹவாயில் 1993-இல் பணி தொடங்கிய கெக் தொலைநோக்கியின் 10 மீட்டர் ஆடி 36 அறுகோணத் துண்டுகளால் ஆனது. கணினி அவற்றை ஓயாமல் சரிசெய்து ஒரே பரப்பாக வைத்திருக்கிறது. இரண்டாம் தடைக்கு ஹொரேஸ் பாப்காக் 1953-இலேயே வழி சொன்னார். காற்று ஒளியை எப்படிக் கலைக்கிறதோ அதற்கு நேர் எதிராக ஒரு மெல்லிய ஆடியை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை நெளியவிட வேண்டும். அளந்து பார்க்க அருகில் பிரகாசமான விண்மீன் இல்லையென்றால், லேசர் கதிரால் 90 கிலோமீட்டர் உயரத்துச் சோடியம் படலத்தில் ஒரு செயற்கை விண்மீனை ஏற்றிக்கொள்கிறார்கள். நம் பால்வெளியின் நடுவில் உள்ள கருந்துளையைச் சுற்றி விண்மீன்கள் ஓடுவதை இந்த உத்தியோடு பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆண்ட்ரியா கெஸ்ஸுக்கும் ரைன்ஹார்ட் கென்ஸலுக்கும் 2020-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒளி என்று நாம் சொல்வது மின்காந்த அலைகளில் ஒரு மெல்லிய கீற்று. 1930-களின் தொடக்கத்தில் கார்ல் ஜான்ஸ்கி தொலைபேசி இரைச்சலின் காரணத்தைத் தேடப்போய், பால்வெளியிலிருந்து வரும் ரேடியோ அலைகளைக் கேட்டார். 1937-இல் க்ரோட் ரீபர் தம் வீட்டுக் கொல்லையில் ஒரு கிண்ணம் கட்டி வானத்தைக் கேட்க ஆரம்பித்தார். ரேடியோ அலை நீளமானது. ஆகவே கூர்மைக்கு மிகப் பெரிய பரப்பு வேண்டும். இந்தத் துறையில் தமிழ்நாட்டு மண்ணில் நடந்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தமானது. பெரிய கிண்ணத்தை எல்லாப் பக்கமும் திருப்பும் இயந்திரத்துக்குப் பெருஞ்செலவாகும். கோவிந்த் ஸ்வரூப் மலையையே இயந்திரத்தின் உறுப்பாக்கினார். உதகை அருகே, ஊரின் அட்சரேகைக்குச் சமமாகச் சுமார் 11 பாகை வடக்கு தெற்காகச் சரியும் ஒரு மலைச்சரிவைத் தேர்ந்து, அதன் மேல் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள உருளைவடிவத் தொலைநோக்கியைப் படுக்கவைத்தார். சரிவு அந்தக் கோணத்தில் இருப்பதால் கருவியின் அச்சு பூமியின் சுழலச்சுக்கு இணையாகிவிடுகிறது. ஒரே அச்சில் மெல்லச் சுழற்றினாலே வானத்து மூலத்தை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பின்தொடரலாம். 1970-இல் பணி தொடங்கியது. நிலா ஒரு ரேடியோ மூலத்தை மறைக்கும் கணத்தைப் பிடித்து, அதன் அளவைக் கணித்தார்கள். நிலாவின் விளிம்பையே கத்தியாகப் பயன்படுத்திய வேலை அது.

ஜவ்வாது மலையின் காவலூரில் 1977 மார்ச்சில், ஒரு விண்மீனை யுரேனஸ் மறைக்கப்போகும் இரவில் ஒரு மீட்டர் தொலைநோக்கி காத்திருந்தது. கோள் மறைப்பதற்கு முன்பே விண்மீனின் ஒளி சிறிது மங்கி மீண்டது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பதைக் காட்டிய பதிவுகளில் அதுவும் ஒன்று. 1986 முதல் அங்கே இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு, அதற்காக உழைத்து, திறப்பைப் பார்க்காமல் 1982-இல் மறைந்த வைணு பாப்புவின் பெயர்.

காற்றின் தொல்லையிலிருந்து முற்றிலும் விடுபட, கருவியைக் காற்றுக்கு மேலே அனுப்ப வேண்டும் என்று லைமன் ஸ்பிட்சர் 1946-இலேயே எழுதினார். 1990 ஏப்ரல் 24 அன்று ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி ஏவப்பட்டது. முதல் படங்கள் மங்கலாக வந்தபோது உலகமே தலையில் கைவைத்தது. அதன் 2.4 மீட்டர் ஆடி உலகின் மிக வழவழப்பான ஆடிகளில் ஒன்று. ஆனால் தவறான வளைவுக்கு மிகத் துல்லியமாகத் தேய்க்கப்பட்டிருந்தது. சோதனைக் கருவியில் ஒரு வில்லை 1.3 மில்லிமீட்டர் இடம் தவறியிருந்தது. விளைவு, ஆடியின் விளிம்பு சுமார் 2.2 மைக்ரான், அதாவது தலைமுடிப் பருமனில் ஐம்பதில் ஒரு பங்கு, கூடுதலாகத் தட்டையாகிவிட்டது. வேறு எளிய சோதனைகள் அந்தப் பிழையைக் காட்டியும், துல்லியமான கருவியே சரி என்று அவற்றை ஒதுக்கியிருந்தார்கள். பிழை எவ்வளவு என்று கணக்காகத் தெரிந்ததால் அதைத் திருத்தவும் முடிந்தது. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய், நேர் எதிர் வளைவுள்ள சிறு ஆடிகளைப் பொருத்தினார்கள். இரண்டாண்டு கழித்து ஹபிள் வானத்தின் வெறுமையான ஒரு மூலையைப் பத்து நாள் உற்றுநோக்கியது. ஒரு மணற்பரலைக் கை நீட்டிப் பிடித்தால் மறையும் அளவுக்கான இடம். அதில் சுமார் 3,000 பால்வெளிகள் இருந்தன.

எக்ஸ் கதிர்கள் ஆடியில் நேராக விழுந்தால் உள்ளே புதைந்துபோகும். உரசிக்கொண்டு போனால்தான் திரும்பும். 1999-இல் ஏவப்பட்ட சந்திரா தொலைநோக்கியில் ஆடிகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய பீப்பாய்களைப்போல் இருப்பது இதனால். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயர் அதற்கு. 2021 டிசம்பர் 25 அன்று புறப்பட்ட ஜேம்ஸ் வெப், பொன்பூச்சு பூசிய 18 பெரிலியத் துண்டுகளால் ஆன 6.5 மீட்டர் ஆடியை மடித்துக் கொண்டுபோய் வழியில் விரித்துக்கொண்டது. அது நிற்பது 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில். ஹபிளைப்போல் ஆளனுப்பித் திருத்த முடியாது. தரையிலேயே எல்லாக் குறைகளையும் தேடித் தீர்க்கத்தான் அத்தனை ஆண்டுகள் ஆயின.

தரையில் இப்போது சிலி நாட்டில் 39 மீட்டர் ஆடி எழுந்துகொண்டிருக்கிறது, 798 துண்டுகளில். இந்தியாவும் பங்கேற்கும் முப்பது மீட்டர்த் தொலைநோக்கியோ ஹவாயின் மௌனாகியா மலையில் கால் ஊன்ற முடியாமல் நிற்கிறது. அந்த மலை தங்களுக்குப் புனிதமானது, ஏற்கெனவே போதுமான கருவிகள் அங்கே இருக்கின்றன என்று தீவின் பூர்வகுடி மக்கள் 2015-லும் 2019-லும் வழிமறித்தார்கள், முதியவர்கள் கைதானார்கள். வானியலை நேசிக்கிறவனாகவே சொல்கிறேன், அவர்களைக் கேட்காமல் அந்த மலையில் ஒரு கல்லும் வைக்கக் கூடாது. மறுபக்கம், 2019-லிருந்து ஆயிரக்கணக்கில் ஏவப்பட்டுவரும் இணையச் செயற்கைக்கோள்கள் படங்களில் வெள்ளைக் கோடுகள் கிழிக்கின்றன. வானத்தைப் பல முறை திரும்பத்திரும்பப் படமெடுக்கவென்றே சிலியில் கட்டிய ரூபின் வானாய்வகம்தான் அதில் அதிகம் பாதிக்கப்படும். வில்லையின் குறையையும் ஆடியின் குறையையும் காற்றின் குறையையும் தீர்த்தவர்களுக்கு இது புது வகைத் தொல்லை. இதைத் தேய்த்துத் தீர்க்க முடியாது. சட்டம் போட்டுத்தான் தீர்க்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஆர்வலர்கள் நடத்திய ஒரு பட்டறையில் நானும் ஆறங்குல ஆடி ஒன்றைத் தேய்த்தேன். இரண்டு கண்ணாடித் தட்டுகள், நடுவில் தண்ணீரும் சாணைத்தூளும். மேல்தட்டை முன்னும் பின்னுமாகத் தள்ளிச் சுற்றித் தேய்க்கத் தேய்க்க, மேலே உள்ளது தானாகக் குழிகிறது, கீழே உள்ளது தானாகக் குவிகிறது. பல வாரம் கழித்து, ஃபூக்கோ 1858-இல் சொன்ன சோதனையைச் செய்தோம். இருட்டறையில் ஒரு சிறு விளக்கு, அதன் ஒளி ஆடியில் பட்டுத் திரும்பிக் குவியும் இடத்தில் ஒரு சவர பிளேடு. பிளேடை மெல்ல நகர்த்தினால், ஆடியின் மேல் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு மேடுபள்ளம்கூட மலையும் பள்ளத்தாக்குமாக நிழல் விழுந்து தெரியும். சொல்லிக்கொடுத்த ஐயா என் கட்டைவிரலை ஆடியின் மேல் சில நொடி அழுத்தி வைக்கச் சொன்னார். விரலை எடுத்துவிட்டுப் பிளேடின் பின்னாலிருந்து பார்த்தேன். விரல் பட்ட இடத்தில் கண்ணாடி சூட்டில் விரிந்து ஒரு குன்று எழுந்திருந்தது. அது அடங்கும்வரை நாங்கள் யாரும் பேசாமல் காத்திருந்தோம்.